ஆர் மொழியில் கோப்பு வாசிப்பு: நிரைகள் கூடுகின்றன, தேதி 1901க்குப் போகிறது. உதவி தேவை

கேள்வி (மாணவி, கிளிநொச்சி)

வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக வன்னிக் குளங்களின் நீர்மட்டத்தை ஆர் (R) என்ற புள்ளிவிவரக் கணினி மொழியில் அலசுகிறேன். இரண்டு விதமான கோப்புகள் கையில் இருக்கின்றன, இரண்டிலும் சிக்கி நாலு நாளாகிறது. கைபேசியில் தட்டுவதால் கட்டளைகளைத் தமிழ் ஒலியிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, 2019ஆம் ஆண்டின் தினசரி மட்டம். வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன், கல்மடு, உடையார்கட்டு, இரணைமடு என்று ஆறு குளங்கள், இதே வரிசையில். பழைய பதிவேட்டைப் பார்த்து ஒரு பெரியவர் நோட்பாடில் தட்டித் தந்தது. நாள், குளம், மட்டம் (அடியில்) என்று மூன்று நிரல்கள், இடையில் கொமா. 365 நாள், 6 குளம், ஆக 2190 நிரைகள் வரவேண்டும். கோப்பை வாசிக்கும் ரீட்.சிஎஸ்வி கட்டளை 2555 நிரைகள் தருகிறது. பிழைச்செய்தி இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மட்ட நிரல் எண்ணாக வராமல் எழுத்தாக வருகிறது, சராசரி எடுத்தால் என்ஏ (மதிப்பு இல்லை). குளங்களின் பெயர்களும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் ஃபைல்என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8, லத்தீன்1 என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

இரண்டாவது பைனரிக் கோப்பு. மாங்குளம் பக்கத்தில் ஒரு சிறு குளத்தின் துருசடியில் (தண்ணீர் திறக்கும் மதகடியில்) மட்டம் பதியும் கருவி ஒன்று வைத்திருக்கிறோம். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு, மாதத்துக்கு ஒரு கோப்பு. கையேட்டின்படி முதல் 32 பைட் தலைப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவும் 8 பைட்: நேரத்துக்கு 4 (1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடிகள், கிரீன்விச் நேரம்), மட்டத்துக்கு 2 (சென்டிமீட்டர்), மின்கலத்துக்கு 2 (மில்லிவோல்ட்). 2024 ஜனவரிக் கோப்பை ரீட்பின் கொண்டு வாசித்தால் முதல் பதிவின் தேதி 1901 டிசம்பர் 14 என்று வருகிறது. மட்டம் −6400. அடுத்த பதிவு 1972 பெப்ரவரி 20! 2023 டிசம்பர்க் கோப்பு இதைவிட மோசம்.

அந்தக் குளத்துக் கமக்காரர்கள் சிறுபோகக் கூட்டத்துக்கு முன்னால் இந்த அளவுகளைப் பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பொறுத்தது. அதனால் ஊகித்துத் திருத்தி எதையும் கொடுக்க எனக்கு மனமில்லை.

பதில் (புள்ளிவிவரம் படிப்பிப்பவர், வவுனியா)

தங்கச்சி, ஊகித்துத் திருத்தமாட்டேன் என்று சொன்னீர்களே, அது போதும். இரண்டையும் எடுக்கலாம்.

முதலில் ரீட்.சிஎஸ்வியை ஒதுக்கி வையுங்கள். அது ஒழுங்கான கோப்புக்குத்தான் நல்லது. வரிகளில் எத்தனை நிரல் இருக்கிறது என்று தீர்மானிக்க அது முதல் ஐந்து வரிகளை மட்டுமே பார்க்கும். பிறகு வரும் ஒரு வரியில் அதைவிட ஒன்று கூடினால், மிஞ்சியதைச் சத்தமில்லாமல் அடுத்த நிரையாக்கிவிடும். உங்களுக்கு நிரைகள் கூடியதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். 2555இலிருந்து 2190ஐக் கழித்தால் சரியாக 365 வருகிறது, கவனித்தீர்களா? நாளுக்கு ஒரு வரி உடைகிறது.

கவுண்ட்.ஃபீல்ட்ஸ் கட்டளையில் செப் என்ற இடத்தில் கொமாவைக் கொடுத்து ஓட்டி, விடையை டேபிள் கட்டளைக்குள் போட்டுப் பாருங்கள். பின்பு ரீட்லைன்ஸ் மூலம் முதல் எட்டு வரிகளை அப்படியே திரையில் போட்டுப் பாருங்கள். பைனரிக் கோப்புகள் இரண்டுக்கும் ஃபைல்.சைஸ் என்ன சொல்கிறது என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன். மூன்று துண்டுள்ள வரிகள் 1826, தலைப்பு வரியும் இதில் அடக்கம். நாலு துண்டுள்ளவை 365. அந்த 365உம் ஒரே குளத்தின் வரிகள். நாளுக்குப் பிறகு கொமா, அதை ஒட்டி இன்னொரு கொமா, பிறகு சின்ன யூ, ஐ, இசட், கே, பெரிய எல். ஆறாவது குளம் என்பதால் அது இரணைமடுவாகத்தான் இருக்கவேண்டும்.

பைனரியில் ஜனவரி 23840 பைட், டிசம்பர் 23871 பைட்.

பதில் (புள்ளிவிவரம் படிப்பிப்பவர், வவுனியா)

நினைத்தது சரி. அந்தப் பெரியவர் பாமினியில் தட்டியிருக்கிறார்.

பாமினி எழுத்துருவில் தமிழ் எழுத்துக்குத் தனிக் குறியீடு கிடையாது. ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்து. அதனால்தான் ஃபைல்என்கோடிங்கை எத்தனை விதமாக மாற்றினாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஆர் சரியாகத்தான் வாசித்திருக்கிறது.

பாமினியில் 'இ' எழுத்து இருப்பது கொமா விசையில். யூ என்பது ர, ஐயும் இசட்டும் சேர்ந்து ணை, கே என்பது ம, பெரிய எல் என்பது டு. நீங்கள் எழுதிய வரியைக் கூட்டி வாசியுங்கள்: இரணைமடு! நிரல் பிரிக்கும் கொமாவும் இரணைமடுவின் இகரமும் ஆருக்கு ஒன்றாகத்தான் தெரியும். மற்ற ஐந்து பெயர்களிலும் இகரம் தனியெழுத்தாக வரவில்லை, அவை தப்பின. எக்செலில் தட்டிச் சேமித்திருந்தால் அது அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுக் காப்பாற்றியிருக்கும். நோட்பாட் அப்படிச் செய்யாது. கொமாவுக்குப் பதில் அரைப்புள்ளியால் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாமினியில் மெய்யெழுத்தின் குற்று அரைப்புள்ளி விசையில் இருக்கிறது, இரணைமடு தப்பும், மற்ற ஐந்து குளமும் உடையும். அத்தோடு, பெரிய எழுத்துக்களைச் சின்னதாக்கும் டுலோவர் கட்டளையை இந்தக் கோப்பில் தொடவே வேண்டாம். சின்ன எல் 'ட', பெரிய எல் 'டு'.

இனித் திருத்தம். வரியின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். முதல் கொமாவுக்கு முன்னால் நாள், கடைசிக் கொமாவுக்குப் பின்னால் மட்டம், நடுவில் என்ன கிடந்தாலும் அது பெயர். ரீட்லைன்ஸ் கொண்டு வாசித்து, தலைப்பு வரியை நீக்கிவிட்டு:

பெயர் = சப்("^([^,]*),(.*),([^,]*)$", "\\2", வரி)

\\2 இருக்கும் இடத்தில் \\1 போட்டால் நாள், \\3 போட்டால் மட்டம். மட்டத்தை ஆஸ்.நியூமெரிக் கொண்டு எண்ணாக்குங்கள். பெயர்களை யூனிகோடுக்கு மாற்ற மாற்றி எதுவும் தேட வேண்டாம். ஆறே ஆறு குளங்கள், யூனிக் கட்டளையில் வரும் ஆறு வடிவங்களுக்கும் நேராகச் சரியான பெயரைக் கையால் எழுதி, மேட்ச் கொண்டு இணைத்துவிடுங்கள். ஏழாவது வடிவம் ஒன்று வந்தால் எங்கோ தட்டச்சுப் பிழை இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். இந்த வசதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

பைனரி: ஜனவரிக் கோப்பில் 31 நாள், நாளுக்கு 96 பதிவு, ஆக 2976. அதை 8ஆல் பெருக்கினால் 23808, தலைப்பு 32ஐக் கூட்டினால் 23840. ஒரு பைட்டும் குறையவில்லை. அப்படியானால் சிக்கல் பைட்டுகளின் வரிசையில் இருக்கிறது. −6400ஐ எடுத்துப் பாருங்கள். குறி இல்லாத 2 பைட் எண்ணாக அது 59136. 256ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 231. உங்கள் குளத்தில் அன்று 2.31 மீட்டர் நின்றிருக்கவேண்டும். கருவி பெரிய பைட்டை முன்னால் எழுதுகிறது. உங்கள் மடிக்கணினியில் ஆர் சின்ன பைட் முன்னால் என்று எடுத்துக்கொள்கிறது. 1901உம் 1972உம் வந்ததும் இதனால்தான்.

பதிவுக்குள் 4 பைட், 2 பைட் என்று கலந்து வருவதால் ஒவ்வொன்றாகச் சுற்றி வாசிக்காமல் முழுக் கோப்பையும் பச்சைப் பைட்டாக (எண்ணாக மாற்றாத வெறும் பைட்டாக) எடுத்து, 8 பைட் உயரமுள்ள அட்டவணையாக நிறுத்துங்கள்:

பைட் = ரீட்பின்("ஜனவரி.டேட்", "ரா", 23840)
தாள் = மேட்ரிக்ஸ்(பைட்[-(1:32)], என்ரோ = 8)
நேரம் = ரீட்பின்(ஆஸ்.வெக்டர்(தாள்[1:4, ]), "இன்டிஜர்", என் = என்கோல்(தாள்), சைஸ் = 4, எண்டியன் = "பிக்")
மட்டம் = ரீட்பின்(ஆஸ்.வெக்டர்(தாள்[5:6, ]), "இன்டிஜர்", என் = என்கோல்(தாள்), சைஸ் = 2, சைன்ட் = ஃபால்ஸ், எண்டியன் = "பிக்")

மின்கலத்துக்கு 7:8. என் என்பதைக் கொடுக்க மறந்தால் ஒரே ஓர் எண் மட்டும் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சைன்ட் என்பது 1, 2 பைட் எண்களுக்கு மட்டுமே வேலை செய்யும். 4 பைட் நேரத்துக்கு அது உதவாது, ஆனால் 2038 ஜனவரி வரை தேவையும் இல்லை.

டிசம்பர்க் கோப்பு 31 பைட் கூடியிருக்கிறது. எப்படி எடுத்தீர்கள்?

கேள்வி கேட்டவர்

ஆசிரியர், ஜனவரி வந்துவிட்டது! முதல் பதிவு 2024 ஜனவரி 1, மட்டம் 231. அன்று காலை நாங்கள் அளவுத்தடியில் பார்த்துக் கொப்பியில் எழுதியதும் 2.31 மீட்டர். அழுகையே வந்துவிட்டது.

ஜனவரியை நினைவட்டையைக் கழற்றிப் பிரதி எடுத்தேன். டிசம்பரில் குளம் நிரம்பி வான் பாய்ந்துகொண்டிருந்ததால் துருசடிக்கு இறங்க முடியவில்லை. அணைக்கட்டில் நின்றபடி கருவியின் வைஃபையில் இணைந்து, விண்டோஸ் மடிக்கணினியில் டவுன்லோட்.ஃபைல் கட்டளையால் இறக்கினேன்.

பதில் (கருவிகள் பராமரிப்பவர், முல்லைத்தீவு)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும் தங்கச்சி, இது நான் பட்ட பாடு. விண்டோஸில் டவுன்லோட்.ஃபைல் கட்டளைக்கு மோட் என்ற இடத்தில் "டபிள்யூபி" கொடுக்காவிட்டால் கோப்பை உரையாக எண்ணி எழுதும். ஜிப், ஆர்டிஎஸ் போன்ற சில பின்னொட்டுகள் இருந்தால் ஆர் தானே அதைப் போட்டுக்கொள்ளும். உங்கள் '.டேட்' அந்தப் பட்டியலில் இல்லை.

உரையாக எழுதும்போது விண்டோஸ், 10 என்ற மதிப்புள்ள பைட் ஒவ்வொன்றையும் வரி முடிவு என்று நினைத்து அதற்கு முன்னால் 13 என்ற பைட்டைச் செருகும். உங்கள் மட்டம் 266 சென்டிமீட்டர் என்றால் அதன் இரண்டாவது பைட் 10. அங்கே ஒரு 13 நுழைந்தால், அதற்குப் பிறகு வரும் பதிவுகள் எல்லாம் ஒரு பைட் தள்ளிப்போகும். வான் பாய்ந்த நாட்கள் என்றால் அவை உங்களுக்கு மிகவும் தேவையான நாட்கள்.

கருவியில் டிசம்பர் இன்னும் இருந்தால் மறுபடி இறக்குங்கள், அதுதான் நல்லது. அழிந்திருந்தாலும் கவலையில்லை. ஒவ்வொரு 10க்கு முன்னாலும் விதிவிலக்கில்லாமல் ஒரு 13 செருகப்பட்டிருப்பதால், அதே வழியில் திரும்பி வரலாம். முழுக் கோப்பையும் பச்சைப் பைட்டாக வாசியுங்கள். பிறகு:

இடம் = விச்(பைட் == ஆஸ்.ரா(10))

லெங்த்(இடம்) சரியாக 31 வரவேண்டும். இடம் − 1இல் இருக்கும் பைட் ஒவ்வொன்றும் 13தானா என்று பாருங்கள். இரண்டும் பொருந்தினால் பைட்[-(இடம் - 1)] என்று எடுத்தால் 23840 வந்துவிடும். பொருந்தாவிட்டால் வேறு ஏதோ பழுது, தொட வேண்டாம்.

நேரத்தில் ஒன்று. கருவி கிரீன்விச் நேரத்தில் எழுதுவதால் உங்கள் ஜனவரிக் கோப்பு நம் நேரப்படி காலை 5.30க்குத்தான் தொடங்கும். ஆஸ்.பிஓசிக்ஸ்சிடி கட்டளையில் டிஇசட் என்பதற்கு "ஏசியா/கொலம்போ" கொடுங்கள். தினசரிச் சராசரி எடுக்கும்போதும் அதே நேரத்தில் நாளைப் பிரியுங்கள், அல்லது நாள் ஐந்தரை மணிநேரம் பிந்தித் தொடங்கும். அப்புறம் நீங்கள் கொப்பியில் எழுதிய அளவோடு ஒத்துவராது.

கேள்வி கேட்டவர்

அண்ணா, கருவியில் டிசம்பர் அழிந்துவிட்டது. ஆனால் 10 என்ற பைட் 31 இருந்தது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் 13 இருந்தது. நீக்கிய பிறகு 23840. 2976 பதிவுகளின் நேரமும் 900 விநாடி இடைவெளியில் ஒன்று விடாமல் வருகிறது. டிஃப் கட்டளையால் சரிபார்த்தேன்.

முதல் கோப்பும் 2190 நிரைகள். ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். ஆறு குளப் பெயர்களையும் யூனிகோடில் எழுதி இணைத்த பிறகு என் மடிக்கணினியில் அழகாகத் தெரிகிறது. ஆய்வுகூடக் கணினியில் அதே அட்டவணையைத் திரையில் போட்டால் கோணற் குறிகளுக்குள் யூ, கூட்டல் குறி, நாலு இலக்கம் என்று வரிசையாக வருகிறது.

பதில் (புள்ளிவிவரம் படிப்பிப்பவர், வவுனியா)

தரவு கெடவில்லை, காட்டுவதில்தான் குறை. ஆய்வுகூடத்தில் பழைய ஆர் இருக்கும். 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 தொடக்கம்தான் விண்டோஸிலும் ஆர் யூடிஎஃப்-8இல் இயங்குகிறது, அதற்கும் விண்டோஸ் 10இன் புதிய பதிப்பு வேண்டும். புதுப்பிக்கக் கேளுங்கள். அங்கே இருப்பது 4.0.0க்கும் முந்தையது என்றால் இன்னும் கவனம். எழுத்து நிரல்களை அது ஃபாக்டர் ஆக்கிவிடும், அதாவது ஒவ்வொரு வேறுபட்ட மதிப்புக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து வைக்கும். உங்கள் பழைய மட்ட நிரலை அங்கே ஆஸ்.நியூமெரிக் போட்டிருந்தால் அடிக்குப் பதில் வெறும் வரிசை எண்கள் வந்திருக்கும், பார்வைக்கு மட்டம் போலவே இருக்கும். அங்கே ஏற்கனவே வரைந்த வரைபடம் ஏதாவது இருந்தால் திரும்ப வரையுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஒன்று இருந்தது. அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு டிசம்பர், ஜனவரி இரண்டையும் ஒரே தாளில் கொண்டுபோகிறேன். திரும்பி வரும்போது அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் அவருடைய கணினியில் யூனிகோட் விசைப்பலகை போட்டுக் கொடுக்கவேண்டும். 2020ஆம் ஆண்டுப் பதிவேட்டை அவர் இப்போதுதான் தட்டத் தொடங்கியிருக்கிறாராம்.