கோடு என்றால் எந்தக் கோடு? சிக்லிட் மீனுக்கு இரண்டு சொல் தேவை

எல்லோருக்கும் வணக்கம்.

போன தீபாவளி சமயம் மச்சானை மீன் கடைக்கு அனுப்பினேன். எனக்கு வேண்டியது மைங்கானோ (சிக்லிட் குடும்பத்துத் தொட்டி மீன்) நாலு. "கருநீலமா இருக்கும், உடம்புல நெட்டுக்கக் கோடு போட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். வந்தது டெமசோனி. அவர் மேலும் தப்பில்லை, அதுவும் கருநீலம், அதிலும் கோடு. நான் நெட்டுக்க என்றது தலையிலிருந்து வால்வரை, அவர் புரிந்துகொண்டது முதுகிலிருந்து வயிற்றுக்கு நெட்டுக்குத்தாக இறங்குவதை. டெமசோனி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் மீன், பன்னிரண்டு பதினைந்தாகக் கூட்டமாக விட்டால்தான் அடி எல்லாவற்றுக்கும் பங்காகிப் பிழைக்கும். நாலில் இப்போது மிச்சம் ஒன்று.

ஆங்கிலத்தில் மீன் ஆய்வாளர்கள் நெடுக ஓடுவதை ஸ்ட்ரைப் என்றும் மேலிருந்து கீழே இறங்குவதை பார் என்றும் பிரித்துவிட்டார்கள். நமக்கு இரண்டும் கோடுதான். இந்த மீன்களின் ஊரான ஆப்பிரிக்க மலாவி ஏரியின் பாறைமீன்களில் (ம்பூனா என்பார்கள்) நிறத்தை நம்பி இனம் சொல்லவே முடியாது. கென்யியில் ஆண் மஞ்சள், பெண் நீலம். சௌலோசியில் அப்படியே தலைகீழ். ஆராட்டஸில் குஞ்சும் பெண்ணும் மஞ்சளில் கருங்கோடு, ஆண் பெரிசாகி ஆதிக்கத்துக்கு வந்ததும் உடம்பே கறுத்துப்போகும், ஆனால் கோடு ஓடும் திசை மட்டும் மாறாது. அதனால் திசைக்குத்தான் முதலில் பெயர் வேண்டும்.

நான் அம்மாப்பேட்டைக்காரன், தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. ஆகவே பாவுவரி, ஊடைவரி. எப்படி?

*

தம்பி, சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தறியைப் பார்த்தவர்களுக்கு மட்டும். இங்கே ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துப் பையனிடம் ஊடை என்றால் உடையா என்று கேட்பான். இறங்கும் கோட்டைப் பட்டை என்று யாராவது சொல்ல வருவார்கள், அதற்கும் இப்போதே தடை போடுகிறேன்: நெற்றியில் பட்டை படுத்திருக்கும், நிற்பது நாமம். மீனுக்கு நாமம் போட்டால் வேறு வம்பு.

அணில்வரி, புலிவரி என்று வைத்துக்கொள்ளலாமே? அணில் முதுகில் கோடு தலையிலிருந்து வாலுக்கு ஓடுகிறது, புலிக்கு முதுகிலிருந்து வயிற்றுக்கு இறங்குகிறது. சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். அதிலும் அணில்வரி புதுசு இல்லை, புறநானூறு 246ஆம் பாட்டிலேயே வெள்ளரிக்காயை "அணில்வரிக் கொடுங்காய்" என்கிறார் பெருங்கோப்பெண்டு. வெள்ளரியிலும் கோடு காம்பிலிருந்து நுனிக்குத்தானே போகிறது!

*

அண்ணா, தறியை விட மனசு வரவில்லை, ஆனாலும் தோற்றேன். தொட்டியைக் காட்டி ஐந்தாவது படிக்கும் அக்கா மகளிடம் அணில் எது, புலி எது என்றேன். கண்ணாடியில் விரலை வைத்து, புது மைங்கானோ அணில், தனியாகச் சுற்றும் டெமசோனி புலி என்று யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

ஒரு சங்கடம் உண்டு. டெமசோனியும் சௌலோசி ஆணும் இரண்டுமே புலிவரி நீலம், அங்கே இந்தச் சொல் கைகொடுக்காது. கூட இருக்கும் பெட்டையைப் பார்க்க வேண்டியதுதான், சௌலோசி என்றால் மஞ்சளாக இருக்கும், டெமசோனியில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி.

அப்புறம் இன்னொரு ஆப்பிரிக்க ஏரியான தங்கனீக்காவின் ஜூலிடோக்ரோமிஸ் என்ற சிக்லிட் வகை இருக்கிறதே, அதில் ஆர்னேட்டஸ் அச்சு அசலாக அணில், மூன்று கோடு. மார்லியரியில் நெடுக்கும் குறுக்கும் சேர்ந்தே இருக்கும். அதற்கு மட்டும் அணிலும் வேண்டாம் புலியும் வேண்டாம், பாவும் ஊடையும் கலந்தால் எங்கள் தெருவில் கட்டம் என்போம். கட்டவரி என்று போட்டுக்கொள்கிறேன், அதையாவது விட்டுக்கொடுங்கள்.