காங்கேயம் சொந்தங்கள் குழு: கார்த்திக்கு ஒரு கத்தி

சனிக்கிழமை

கார்த்தி (மேடிசன்), காலை 7:42
எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும். என்னோடு வேலை செய்கிற ஒருவர் அடுத்த மாதம் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். இங்கே அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் கடைசியில் 9 நாள் துப்பாக்கி சீசன். பாதுகாப்பு வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன், லைசென்சும் எடுத்தாயிற்று. மான் விழுந்த இடத்திலேயே குடலை எடுத்துச் சுத்தம் பண்ண வேண்டுமாம். அதற்குக் கத்தி நீயே வாங்கிக்கொள் என்கிறார். கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்கக் கத்தி. 20 டாலரிலும் இருக்கிறது, 300 டாலரிலும் இருக்கிறது. சேமலை மாமா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கார்த்தி, காலை 7:43
(மூன்று கத்திகளின் படம்)

பாப்பாத்தி அத்தை, காலை 7:50
ஏஞ்சாமி, மானையா சுடப் போகிறாய்? அது வாயில்லாத ஜீவன். எனக்குக் கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

கார்த்தி, காலை 7:56
அத்தை, நானும் ரொம்ப நாள் யோசித்துத்தான் சரி என்றேன். இங்கே தெற்குப் பக்கம் மானைப் பிடித்துத் தின்கிற மிருகம் அவ்வளவாக இல்லை. பெருகிப் போய்ப் பயிரைத் தின்கிறது, ராத்திரி கார் முன்னால் வந்து விழுகிறது. அதனால் எந்தப் பகுதியில் எத்தனை சுடலாம் என்று அரசாங்கமே அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. வேட்டைக் கறியை விற்கக் கூடாது. வீட்டுக்குப் போக மிச்சம் இருந்தால் இல்லாதவர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. சுட்டுவிட்டு வீணாக விடுவதாக இருந்தால் நான் போகவே மாட்டேன்.

பாப்பாத்தி அத்தை, காலை 7:59
தின்கிறதுக்கு என்றால் சரி கண்ணு. ஒரு துண்டு கூட வீணாகக் கூடாது. மாமா கறிக்கடை திறக்கப் போயிருக்கிறார், வந்து சொல்வார்.

சேமலை மாமா, காலை 9:20
மாப்பிள்ளை, இப்பத்தான் பார்த்தேன். படத்தில் நடுவில் இருக்கிற பெரிய கத்தி வேண்டாம். வயிற்றுக்குள் வேலை செய்யும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே இருக்கும். கத்தி நுனி எங்கே நிற்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். நீளக் கத்தி என்றால் நுனி எங்கேயோ போய்க் குடலில் குத்தும். குடல் கிழிந்தால் கறி முழுக்க நாற்றம் ஏறிவிடும். என் கடையில் தோல் உரிக்கிற கத்தி, கைப்பிடி போக நாலு விரற்கடை அகலத்துக்குக் கொஞ்சம் மேலேதான்.

சேமலை மாமா, காலை 9:24
(படம்)
இதுதான். நம்ம ஆசாரி லாரியின் ஸ்பிரிங் பட்டாவில் அடித்துக் கொடுத்தது. தீட்டித் தீட்டி அகலம் பாதியாகிவிட்டது பார். முதுகுப் பக்கம் பட்டறைச் சுத்தியல் அடித்த குழி இன்னும் இருக்கிறது. ஆனால் இன்றைக்கும் ஒரு கிடாயை இதிலேயே முடிப்பேன்.

செல்வராசு (கோவை), காலை 9:41
மாமா சொல்வது சரி. கார்த்தி, கடையில் 3 முதல் 4 அங்குல அலகு இருக்கிறதைக் கேள். முதுகு நேராகப் போய் நுனியில் மெதுவாகக் கீழே இறங்குமே, அந்த வடிவத்துக்கு டிராப் பாயிண்ட் என்று பெயர். பாப் லவ்லெஸ் என்கிற அமெரிக்கக் கத்திக்காரர்தான் வேட்டைக் கத்தியில் அதைப் பிரபலமாக்கினார். நுனி தாழ்ந்து இருப்பதால் தோலுக்கு அடியில் ஓட்டும்போது குடலில் குத்தாது. உன் படத்தில் வலது பக்கம் இருப்பது கிளிப் பாயிண்ட், நுனி ஊசி மாதிரி மேலே தூக்கி இருக்கிறது. பழகின கைக்கு அதுவும் சரிதான், முதல் தடவைக்கு வேண்டாம்.

செல்வராசு, காலை 9:46
மடக்குக் கத்தியும் வேண்டாம். பக் 110 என்று 1964ல் வந்தது, இன்றைக்கும் நிறையப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், நல்ல கத்திதான். ஆனால் மடிக்கிற மூட்டுக்குள் ரத்தமும் கொழுப்பும் புகுந்தால் குளிரில் நின்று சுத்தம் பண்ண முடியாது. அலகு இரும்பு கைப்பிடிக்குள் கடைசி வரை போகிற கத்தியாக வாங்கு. கைப்பிடி ரப்பராக இருந்தால் ஈரக் கையிலும் வழுக்காது.

கவின், காலை 9:50
அண்ணா, முதுகில் கொக்கி மாதிரி இருக்கிற கத்தி யூடியூபில் பார்த்தேன். ஜிப் திறக்கிற மாதிரி வயிறு திறக்கிறது.

செல்வராசு, காலை 9:53
அதற்கு கட் ஹூக் என்று பெயர், குடல் கொக்கி. கூர் இருக்கிற வரை நன்றாகப் போகும். அந்த வளைவுக்குள் கல் போகாது, உருண்டையான அரம் வாங்கித்தான் தீட்ட வேண்டும். மயிர் சிக்கினால் அதுவும் நின்றுவிடும். இரண்டு விரல் இருந்தால் போதும், கொக்கி வேண்டாம்.

சேமலை மாமா, காலை 9:58
ஆமாம். நெஞ்சுக்குக் கீழே சின்னதாகத் தோலைத் திறந்து, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டு, தோலைக் குடலை விட்டு மேலே தூக்கிக்கொள். அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் கத்தி, கூர் மேலே பார்த்து இருக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே அறுக்க வேண்டும். மேலிருந்து மயிரோடு சேர்த்து அறுத்தால் இரண்டு கேடு. கறியில் மயிர் ஒட்டும், மயிரில் இருக்கிற மண் கூரைத் தின்றுவிடும். புதுக் கத்தி கூட ஒரு அடி அறுப்பதற்குள் மழுங்கிப் போகும்.

சேமலை மாமா, காலை 10:01
அப்புறம் பித்தப்பை. ஈரலோடு ஒட்டி இருக்கும். அது உடைந்தால் ஈரல் கசந்து போகும், ஜாக்கிரதை.

கவிதா அக்கா, காலை 10:15
மாமா, ஆட்டுக்குத்தான் பித்தப்பை உண்டு. மான் இனத்துக்குக் கிடையாது. அதனால் கார்த்தி அதைத் தேட வேண்டாம். அவன் பார்க்க வேண்டியது இரைப்பையும் மூத்திரப்பையும். ஆசனவாயைச் சுற்றி அறுத்து நூலால் கட்டிவிட்டால் அந்தப் பக்கம் ஒன்றும் கசியாது.

சேமலை மாமா, காலை 10:17
அப்படியா கண்ணு! இத்தனை வருசம் ஆடு அறுக்கிறேன், மானுக்கு இல்லை என்று எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்னால் சரி.

கவிதா அக்கா, காலை 10:24
கார்த்தி, இன்னொன்று, இது முக்கியம். உங்கள் பக்கம் மானுக்கு சி.டபிள்யூ.டி. என்று ஒரு மெலிவு நோய் இருக்கிறது. விஸ்கான்சினில் அதை முதலில் கண்டது 2002ல், உங்கள் மேடிசனுக்கு மேற்குப் பக்கத்திலேயே. செம்மறிக்கு வருகிற ஸ்கிரேப்பி நோயின் வகை, பிரியான் என்கிற புரதத்தால் வருகிறது, வேக வைத்தாலும் சாகாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் சோதனை முடிவு வந்த பிறகு சாப்பிடு. தலையைக் கொடுத்தால் மாநில அரசே சோதித்துச் சொல்லும். கையுறை போட்டுக்கொள். மூளை, முதுகுத்தண்டு இரண்டிலும் கத்தி படக் கூடாது. எலும்பை வெட்டாமல் கறியை மட்டும் எடு.

கார்த்தி, காலை 10:31
அக்கா, நண்பரும் சோதனைக்குக் கொடுப்போம் என்று சொன்னார். கத்தியை எப்படிக் கழுவுவது?

கவிதா அக்கா, காலை 10:35
முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கறி, கொழுப்பு எல்லாம் போக்கு. அப்புறம் வீட்டு பிளீச் 2 பங்கு, தண்ணீர் 3 பங்கு கலந்து அதில் 5 நிமிடம் போடு. அதற்கு மேல் விடாதே, இரும்பை அரிக்கும். உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடு.

கார்த்தி, காலை 10:38
சரிங்க அக்கா. இங்கே ராத்திரி 12 ஆகிவிட்டது. நாளைக்குக் கடைக்குப் போய்விட்டு எழுதுகிறேன். என்ன இரும்பு வாங்கலாம் என்று செல்வராசு அண்ணா எழுதி வையுங்கள்.

செல்வராசு, மதியம் 1:10
கார்த்தி, இரும்பு விசயம். கடையில் டி2 என்று போட்டிருப்பது நம்ம பட்டறையில் டை, அதாவது அச்சு செய்கிற எச்.சி.எச்.சி.ஆர். வகைதான், கார்பனும் குரோமியமும் அதிகம் இருக்கிற இரும்பு. கூர் நீண்ட நேரம் நிற்கும், ஆனால் கல்லில் தீட்ட இடுப்பு ஒடியும். குரோமியம் 12 சதவீதம் பக்கம் இருந்தாலும் முழு ஸ்டெயின்லெஸ் இல்லை, ஈரத்தில் விட்டால் புள்ளி விழும். எஸ்30வி என்கிற இரும்பு இன்னும் கெட்டி, அதற்கு டைமண்ட் கல் வேண்டும். நீ கற்றுக்கொள்கிற ஆள். 12சி27, 420எச்.சி. மாதிரி சாதாரண ஸ்டெயின்லெஸ் வாங்கு. சீக்கிரம் மழுங்கினாலும் பத்து நிமிடத்தில் மறுபடி கூர் ஏற்றிவிடலாம். விலையைப் பார்த்து மயங்காதே. தீட்டத் தெரிந்தவன் கையில் 20 டாலர் கத்தியும் கூராகவே இருக்கும், தீட்டத் தெரியாதவனுடைய 300 டாலர் கத்தியில் ஒரு மானுக்கு மேல் கூர் நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை

கார்த்தி, காலை 8:05
வாங்கிவிட்டேன். ஸ்வீடன் கத்தி, மோரா. 4 அங்குலம், 12சி27, ரப்பர் பிடி. கூடவே ஒரு பக்கம் 400 (சொரசொரப்பு), மறுபக்கம் 1000 (நைசு) இருக்கிற தீட்டுக் கல்லும் வாங்கினேன். கடைக்காரர் இழுத்தால் கூர் ஏறுகிற ஒரு சின்னக் கருவியும் காட்டினார். வாங்கலாமா?

செல்வராசு, காலை 8:20
வேண்டாம். அது கூரை ஏற்றுவதில்லை, பக்கவாட்டில் இரும்பைக் கிழித்து எடுக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ரம்பம் மாதிரி தெரியும். முதலில் வெட்டும், சீக்கிரமே விழுந்துவிடும்.

கவின், காலை 8:22
பட்டறை கிரைண்டரில் பிடித்தால் ஒரு நிமிடத்தில் முடியுமே அண்ணா?

செல்வராசு, காலை 8:27
கூர் முனை காகிதத்தை விட மெல்லிசு. கிரைண்டரில் அந்த இடம் மட்டும் நொடியில் சூடாகும். நீல நிறம் வந்தால் 300 டிகிரி பக்கம் போய்விட்டது என்று அர்த்தம், ஆசாரி அடிக்கிற நாட்டு இரும்பு என்றால் அந்த இடத்தில் பதம் போச்சு, கெட்டித்தன்மை இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. நீல இரும்பு முழுவதும் தேய்ந்து போகிற வரை விடிவு இல்லை.

சேமலை மாமா, காலை 9:05
மாப்பிள்ளை, இப்போது தீட்டுவதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. கல்லைத் தண்ணீரில் போடு, குமிழி நிற்கிற வரை கிடக்கட்டும். 400 பக்கம் மேலே இருக்கிற மாதிரி ஈரத் துணி மேல் வை, நகராது. கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகைக் கொஞ்சம் தூக்கு. அடி முதல் நுனி வரை ஒரே இழுப்பு. நுனி வரும்போது கைப்பிடியைக் கொஞ்சம் தூக்க வேண்டும், இல்லை என்றால் வளைவில் கல் படாது. நிறையப் பேர் கத்தி நடுவில் கூராகவும் நுனியில் மொண்ணையாகவும் இருப்பது இதனால்தான். அழுத்தாதே. சத்தத்தைக் கேள். முதலில் கரகர என்று வரும், பதமாக வர வர சத்தம் மெலிந்து சர் என்று ஓடும்.

கார்த்தி, காலை 9:12
எவ்வளவு தூக்குவது மாமா?

சேமலை மாமா, காலை 9:14
கை சொல்லும்.

செல்வராசு, காலை 9:18
பழகாத கைக்கு ஒரு கணக்கு. நேராக நிறுத்தினால் 90. பாதி சாய்த்தால் 45. அதிலும் பாதி 22 சொச்சம். வேட்டைக் கத்திக்கு அதுவே சரியான கோணம். ஆனால் கார்த்தி, நீ வாங்கினது மோரா. அதில் கோணத்தைத் தேடவே வேண்டாம். கூர் பக்கம் அகலமாக ஒரு சாய்வுப் பட்டை தெரியும், அந்தப் பட்டை முழுவதும் கல்லில் உட்காருகிற மாதிரி படுக்க வை, அதுவே கோணம். சந்தேகம் இருந்தால் பட்டையில் மார்க்கர் பேனாவால் கோடு அடித்து நாலு இழுப்பு இழுத்துப் பார். மை எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே கல் படவில்லை.

சேமலை மாமா, காலை 9:26
செல்வராசு சொன்ன மார்க்கர் எனக்கும் புதுசு, நல்ல வழி. இனிமேல் இருக்கிறது முக்கியமான இடம். ஒரு பக்கமே தீட்டிக்கொண்டு வந்தால் எதிர்ப்பக்கம் மெல்லிசாகப் பிசிறு எழும். கட்டைவிரலைக் கூருக்குக் குறுக்கே, முதுகிலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி தடவு. கூர் வழியே ஒருநாளும் ஓட்டாதே. நகத்தில் சொரசொரவென்று மாட்டும். அடியிலிருந்து நுனி வரை அந்தப் பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. வராமல் பக்கத்தை மாற்றினால் ராத்திரி முழுக்கத் தீட்டினாலும் கூர் வராது. வந்த பிறகு மறுபக்கம். அப்புறம் 1000ல் இரண்டு பக்கமும், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே.

செல்வராசு, காலை 9:33
கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், கூர் பின்னால் வருகிற மாதிரி இழு. முன்னால் தள்ளினால் பெல்ட் அறுந்து போகும். மிச்சப் பிசிறு அதில் போய்விடும். விளக்குக்கு நேரே கூரைப் பிடித்துப் பார். வெள்ளையாக எங்கேயாவது மின்னினால் அந்த இடம் மழுங்கல். நல்ல கூர் ஒளியைத் திருப்பாது.

கவின், காலை 9:40
மாமா, எனக்கும் ஒரு கத்தி அடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஃபிரண்ட்ஸ் ராத்திரி முயலுக்குக் கூப்பிடுகிறார்கள்.

கவிதா அக்கா, காலை 9:43
கவின், போகாதே. 1972 வனவிலங்குச் சட்டப்படி இங்கே முயல் வேட்டையும் குற்றம். முயல்தானே என்று போய் ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. கார்த்தி ஊரில் அரசு எண்ணிக் கணக்குப் பார்த்துச் சீட்டு கொடுக்கிறது. இங்கே அப்படி இல்லை, இருக்கிற கொஞ்சத்தை விட்டுவைக்க வேண்டும்.

சேமலை மாமா, காலை 9:47
அக்கா சொல்வதைக் கேள் தம்பி. கத்தி பிடிக்க ஆசை என்றால் வெள்ளி ராத்திரியே கடைக்கு வா, தீட்டக் கற்றுத் தருகிறேன். கருப்பராயன் கோயில் கிடா விருந்துக்கு இந்த வருசம் எல்லாக் கத்தியும் நீதான் தீட்ட வேண்டும்.

கவின், காலை 9:52
சரிங்க மாமா. வருகிறேன். அவர்களையும் போக வேண்டாம் என்று சொல்கிறேன்.

கார்த்தி, காலை 9:55
மாமா, புதுக் கத்தியிலேயே தீட்டிப் பழகலாமா?

சேமலை மாமா, காலை 9:58
அது கடையிலிருந்தே கூராக வந்திருக்கும், தொடாதே. வீட்டில் காய் வெட்டுகிற பழைய கத்தியில் பழகு. செய்தித்தாளைத் தொங்கவிட்டு அறுத்துப் பார், கிழிக்காமல் அறுத்தால் கை வந்துவிட்டது. இன்னொன்று, வயிறு திறக்கத்தான் கத்தி. தோல் உரிக்க முக்கால்வாசி கைதான். சூடு இருக்கும்போதே மூடின கையைத் தோலுக்கும் கறிக்கும் நடுவில் விட்டுத் தள்ளு, தானாகப் பிரியும். ஒட்டுகிற இடத்தில் மட்டும் கத்தியைத் தொடு. உள்ளே எல்லாம் எடுத்ததும் வயிற்றை விரித்துக் குச்சி கொடுத்து வை, காற்றுப் போய் உள்சூடு இறங்கட்டும். சூடு நின்றால் கறி கெடும்.

கவிதா அக்கா, காலை 10:03
கறியின் சூடு 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது. உங்கள் நவம்பர் குளிர் அதற்கு உதவும். வேலை முடிந்ததும் கத்தியைத் தோல் உறையில் போட்டு வைத்துவிடாதே, ஈரம் உள்ளேயே நிற்கும்.

கார்த்தி, காலை 10:10
எல்லாம் குறித்துக்கொண்டேன். இன்றைக்கு ராத்திரியே காய்கறிக் கத்தியில் ஆரம்பிக்கிறேன். மாமா, தைப் பொங்கலுக்கு வரும்போது உங்களுக்கும் இங்கேயிருந்து நல்ல கத்தி ஒன்று கொண்டு வரட்டுமா?

சேமலை மாமா, காலை 10:14
கத்தி வேண்டாம் மாப்பிள்ளை, இருக்கிறதே போதும். முடிந்தால் கல் கொண்டு வா. ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000. என் கல் நடுவில் குழி விழுந்துவிட்டது, கத்தி நேராக உட்காரவே மாட்டேன் என்கிறது.

செல்வராசு, காலை 10:18
மாமா, கல்லை இங்கே பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள், மட்டம் பண்ணித் தருகிறேன். கார்த்தி, அந்த 3000 கல்லும் கொண்டு வா, பெட்டியில் துணிக்கு நடுவில் வை, உடையாமல் வரும்.