"இஞ்ச் பை இஞ்ச்": கரைவலைக்காரரிடம் விளங்கிய ஆங்கிலம்

ஆங்கிலம் படிப்பிக்கிறவர்களே, இஞ்ச் பை இஞ்ச் (inch by inch, அங்குலம் அங்குலமாக) என்ற ஆங்கிலத் தொடரைப் பிள்ளைகளுக்கு "மெதுவாக" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், அதைக் கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். மெதுவாக என்பது அதில் பாதிதான். மற்றப் பாதி, லேசில் அசையாத ஒன்றை விடாமல் பிடித்து நகர்த்துகிற பாடு.

எனக்கு இது பிடிபட்டது மட்டக்களப்பில், கல்லடிக் கடற்கரையில். விடியற்காலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்து மணலில் குதியை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுப்பார்கள், வரிசையின் கடைசி ஆள் மேட்டுக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் ஓடிப்போய் முதல் ஆளாகப் பிடிப்பார், இப்படியே மாறி மாறி, மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வரும்வரை. அலை உள்வாங்கும்போது கயிறு விறைத்து நிற்கும், ஒருவரும் அசைய மாட்டார்கள், பிடித்ததை விடாமல் நிற்பதே அப்போது பெரிய வேலை. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு வெளிநாட்டுப் பெண் என் பக்கம் திரும்பி, "இஞ்ச் பை இஞ்ச்" என்றார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர், "என்னவாம் மனே அந்தப் பிள்ளை சொல்லுது?" என்று கேட்டார். அங்குலம் அங்குலமாக இழுக்கிறீங்களாம் என்றேன். "ஓம், கடலும் மற்றப் பக்கத்தால இழுக்குதுதானே" என்றார். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்க்கவில்லை.

இதையும் ஸ்டெப் பை ஸ்டெப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஸ்டெப் பை ஸ்டெப் என்பது ஒழுங்குமுறை: முதலில் இது, அப்புறம் அது. விண்ணப்பப் படிவம் நிரப்புவதை அப்படிச் சொல்லிக் கொடுக்கலாம். லிட்டில் பை லிட்டில் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, அவ்வளவுதான், அதில் வியர்வை தேவையில்லை, காய்ச்சல் குறைவதற்குக்கூடப் பொருந்தும். பேபி ஸ்டெப்ஸ் என்பது புதிதாகத் தொடங்கியவர் பயந்து பயந்து வைக்கும் சின்ன அடிகள். பக்கவாதத்துக்குப் பிறகு கட்டிலின் ஓரத்தைப் பிடித்து எழும்பப் பழகுகிற ஒருவருக்கு இஞ்ச் பை இஞ்ச் என்பதுதான் சரி, ஏனென்றால் அங்கே உடம்பே எதிர்த்து நிற்கிறது.

அங்குலம் நமக்கு அந்நியமும் இல்லை. அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 2.54 சென்ரிமீற்றர். மெட்ரிக் வந்து எவ்வளவோ காலமாகியும் மேசன்மாரும் தச்சுவேலை செய்பவர்களும் இன்னும் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஓ.எல். (சாதாரண தர) பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: ஓர் அங்குலம்கூட அசையமாட்டேன் என்று ஆங்கிலத்தில் வந்தால் அது பிடிவாதம், முன்னேற்றம் இல்லை.

இஞ்ச் என்பது வினையாகவும் வரும், வாகன வரிசை ஊர்ந்து போவதைச் சொல்ல. 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போக முடிந்தது, 2013இல் புதுப் பாலம் வரும்வரை பள்ளிக்கூட நேரத்தில் அங்கே நின்றவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இப்போதுள்ள பிள்ளைகள் அதைக் கண்டதில்லை. வீட்டில் அம்மா அப்பாவிடம் அந்தப் பால வரிசையைப் பற்றிக் கேட்டு, அதையே நாலு வரி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.