க்ரூஸ் போய்வந்த தம்பதிகளே, மனசை விட்டுப் போகாத ஒரு விஷயம் சொல்லுங்கள்

பெரம்பூர் பெரிசு

பஃபே, பால்கனி அறை, நீச்சல் குளம் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன வருஷம் பிப்ரவரியில் நானும் வீட்டம்மாவும் கரீபியன் போனோம். முப்பதாவது கல்யாண நாள், டாலஸில் இருக்கிற மகன் டிக்கெட் போட்டான். போர்ட்டோ ரிக்கோவில் இருக்கிற சான் ஹுவானில் கப்பல் ஏறி ஏழு ராத்திரி. முன்கதை இவ்வளவுதான்.

செயின்ட் லூசியா தீவில் காஸ்ட்ரீஸ் நகரத்துச் சந்தை. ஜாதிக்காய், வாழைப்பழ கெட்சப், கோகோ குச்சி விற்கிற கடைகளுக்கு நடுவே ஒரு அம்மாவின் துணிக்கடை. தலையில் முண்டாசு மாதிரி ஒரு துணி கட்டியிருந்தார். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கட்டம். வீட்டம்மா என் கையைக் கிள்ளினாள். "எங்க அப்பாவோட லுங்கிங்க இது!"

என்ன துணி என்று கேட்டேன். "மட்ராஸ்" என்றார். நான் முழித்ததைப் பார்த்து, காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து, நிறுத்தி நிதானமாக இன்னொரு தரம் சொன்னார்.

"நாங்க அந்த ஊர்தான்" என்றேன். சிரித்தார். நம்பவில்லை. அவருக்கு மெட்ராஸ் என்றால் துணி. அவர் பாட்டி கட்டிய துணி, அவர்கள் நாட்டுத் தேசிய உடை தைக்கிற துணி. அந்தப் பெயரில் ஒரு ஊர் இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை. போனில் இருந்த பாஸ்போர்ட் படத்தைக் காட்டினேன். 1996-ல் பேர் மாற்றுவதற்கு முன்னால் பிறந்தவன், அதனால் பிறந்த இடம் மெட்ராஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். பக்கத்துக் கடைக்காரியைக் கத்திக் கூப்பிட்டார். இரண்டு நிமிஷத்தில் என் பாஸ்போர்ட்டைப் பார்க்க நாலு பேர்.

அப்புறம் வீட்டம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு துணியை எடுத்துத் தலையில் கட்டிவிட்டார். "எத்தனை முனை வைக்கட்டும்?" என்று என்னிடம் கேட்டார். முண்டாசில் நிமிர்ந்து நிற்கிற முனைகளுக்குக் கணக்கு இருக்கிறதாம். ஒற்றை முனை என்றால் மனசு காலி, யாரும் கேட்டுப் பார்க்கலாம். முனை கூடக் கூட சேதி மாறும்.

"என்னங்க கேக்கறாங்க?"

"கல்யாணம் ஆயிடுச்சான்னு கேக்கறாங்க."

"முப்பது வருஷம் ஆச்சு, அதுக்கு எத்தனை முனையோ வைக்கச் சொல்லுங்க."

விலை நாற்பது டாலர் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது கிழக்குக் கரீபியன் டாலர், 2.70 போட்டால் ஒரு அமெரிக்க டாலர் என்று அப்புறம்தான் உறைத்தது. ஆக பதினைந்துதான். கொடுத்தேன்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "உங்க ஊர்ல இதை எப்படிக் கட்டுவீங்க?"

வீட்டுக்குள்ளே ஆம்பளைங்க இடுப்பில் சுற்றிக்கொள்வோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பண்டிகைக்குக் கட்டுவோம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. அந்தப் பொய்தான் இன்னும் உறுத்துகிறது.

அம்பத்தூர் அக்கா

எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த தம்பி, தினமும் துண்டை மடித்து ஏதாவது மிருகம் செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவான். இரண்டாம் நாள் யானை. பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பையில் இருந்த குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்தேன். வீட்டுக்காரர், "துண்டு கறையாகும், காசு கேட்கப் போறான்" என்று முணுமுணுத்தார்.

சாயங்காலம் கதவைத் தட்டினான். கறைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்று, "அக்கா, நீங்க தமிழா?" என்றான். தூத்துக்குடிப் பக்கம். ஆறு நாளாகத் தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம். நான் கொண்டுபோயிருந்த பருப்புப்பொடியைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "வேணாம்க்கா, இதைச் சாப்பிட்டா ஊருக்குப் போகணும்போல இருக்கும்."

இறங்குகிற அன்று அம்மா நம்பரை எழுதிக் கொடுத்தான். "நல்லா இருக்கான், பாத்தோம்னு மட்டும் சொல்லிடுங்க, அது போதும்" என்றான். வந்து இரண்டு மாதம் ஆகிறது. சீட்டு என் கைப்பையில்தான் இருக்கிறது. என்ன பேசுவது என்று தெரியாமல் தள்ளிக்கொண்டே போகிறேன்.

கணக்குப்பிள்ளை

பெரிசு, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு திருத்தம். அது லுங்கித் துணி இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காலத்திலிருந்தே அதற்கு மெட்ராஸ் கைக்குட்டை என்றுதான் பெயர். நெய்தது ஆந்திராவில் சீராலா பக்கமும்தான், முழுக்க நம் ஊர் என்று மார்தட்ட முடியாது. கப்பல் ஏறியது நம் துறைமுகத்தில், அதனால் பேர் நமக்கு வந்தது. சிந்தாதிரிப்பேட்டையே 1734-ல் நெசவாளர்களைக் குடிவைக்க உண்டாக்கிய இடம். சின்னத் தறிப் பேட்டை. இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால் பொய் சொல்ல வேண்டி வந்திருக்காது.

இன்னொன்று, முதல் க்ரூஸுக்கு அவ்வளவு தூரம் எதற்கு? 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே எம்ப்ரஸ் என்ற க்ரூஸ் கப்பல் கிளம்பியது. அது 1990-ல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் மயாமியிலிருந்து பஹாமாஸுக்குப் போய்வந்துகொண்டிருந்த கப்பல்தான். உங்கள் கரீபியன் கப்பலே நம் வாசலுக்கு வந்தது ஐயா. நாங்கள் அதில் போனோம். இருட்டுகிற நேரம், மேல்தளத்தில் நின்று மனைவி "நம்ம வீடு எங்கேங்க?" என்று தேடினாள். திருவல்லிக்கேணியில் முப்பத்தைந்து வருஷம் இருந்திருக்கிறோம். கலங்கரை விளக்கத்தைத் தவிர எதையும் அடையாளம் சொல்ல முடியவில்லை.

ஓடிவந்தவள்

ஜூலை மாசம், மயாமியிலிருந்து மெக்சிகோவின் கோசுமெல் தீவு. எல்லோரும் நான்கு மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும். நாங்கள் கடற்கரையில் ஜாலியாக உட்கார்ந்திருந்தோம், என் போனில் மணி இரண்டே முக்கால். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி எங்கள் கழுத்தில் தொங்கிய கப்பல் கார்டைப் பார்த்துவிட்டு "நீங்கள் இன்னும் போகவில்லையா?" என்று கேட்டார்கள்.

கோசுமெலில் வருஷம் முழுக்க ஒரே நேரம்தான். மயாமி கோடையில் ஒரு மணி முன்னால் போய்விடும். எங்கள் கப்பல் மயாமி நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, போன் மட்டும் சமர்த்தாக கோசுமெல் நேரத்துக்கு மாறியிருக்கிறது. அதாவது மணி மூன்றே முக்கால்.

டாக்ஸி, அப்புறம் அந்த நீளப் பாலம். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். சுடிதார் துப்பட்டா எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. பால்கனிகளில் நின்று ஜனங்கள் கைதட்டுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள், ஒருவர் வீடியோ எடுக்கிறார். ஏறிவிட்டோம். இதில் மறக்க முடியாதது என்னவென்றால், என் கணவர் எனக்கு இருபதடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டால், "நான் போய் நிறுத்தச் சொல்லலாம்னுதான்" என்கிறார்.

சாமான் லிஸ்ட்

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் கதை சின்னது. குட்டி ரைஸ் குக்கர் எடுத்துப் போனேன், ஸ்கேனரில் பிடித்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசி நாள் திருப்பி வாங்குகிற வரிசையில் பார்த்தால் பாதிப் பேர் நம்மவர்கள், ஆளுக்கொரு அயர்ன் பாக்ஸோ கெட்டிலோ அணைத்தபடி நின்றார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் அமெரிக்காவில் கிளம்புகிறதென்றால் ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று விசா வாங்கித்தான் ஆகவேண்டும். தீவுகளுக்குப் போய்த் திரும்புவது புதுசாக உள்ளே நுழைவதுதான், அதனால் பலமுறை நுழையும் விசாவா என்று பாருங்கள். கப்பல் கிளம்புகிற அன்றைக்கே விமானத்தில் போய் இறங்காதீர்கள், ஒரு நாள் முன்னால் போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஜூன் முதல் நவம்பர் வரை அந்தப் பக்கம் புயல் சீசன், துறைமுகத்தை மாற்றினால் சண்டை போடாதீர்கள், நமக்கு ஐப்பசி கார்த்திகை எப்படியோ அப்படி. கடலில் போனை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள், கப்பலின் சிக்னலைப் பிடித்துவிட்டால் பில் தீட்டிவிடும். குமட்டல் வருகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள், ஆட்டம் குறைவு. சைவம் என்பதை புக் பண்ணும்போதே எழுதிவிடுங்கள், முட்டை கூடாது என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். முதல் நாள் ஏழு குட்டை ஊதலும் ஒரு நீள ஊதலும் கேட்டால் அது ஆபத்துக்கால ஒத்திகை, சாப்பாட்டு மணி இல்லை. அக்காவுக்கு ஒன்று: டிப்ஸ் பெரும்பாலும் தினமும் பில்லில் ஏறிவிடும், இருந்தாலும் அந்தத் தம்பி கையில் தனியாக ஏதாவது கொடுத்திருக்கலாம்.

அம்பத்தூர் அக்கா

கொடுத்தேன் தம்பி. எழுதவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலையில் அந்த நம்பருக்குப் போன் செய்தேன். அந்த அம்மா முதலில் கேட்டது, "மெலிஞ்சிருக்கானா?"

பெரம்பூர் பெரிசு

கணக்குப்பிள்ளை ஐயா, கைக்குட்டையோ லுங்கியோ, சந்தையில் பின்னால் கியூ நிற்கும்போது சிந்தாதிரிப்பேட்டை சரித்திரம் யாருக்கு வரும்?

இந்தப் பொங்கலுக்கு வீட்டம்மா அந்தத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டுதான் மொட்டைமாடியில் பானை வைத்தாள். நானாகச் சொல்லவில்லை, அவளே எடுத்தாள். பொய் சொன்ன கடன் பாதி தீர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த அம்மா கட்டியதுபோல வரவில்லை. கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் போராடியும் ஒற்றை முனைதான் நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.