1989 மஸ்டாங்: லான்ச்சில் பின்சக்கரம் குதிக்குது, வண்டி வலப்பக்கம் ஒதுங்குது

கேள்வி:
அண்ணன்களுக்கு வணக்கம். டிராக் ரேஸுக்கு (நேர்க்கோட்டு வேகப் பந்தயம்) ஓட்டுற வண்டி: மஸ்டாங் 5.0, டி-5 கியர்பாக்ஸ், 8.8 இன்ச் ஆக்ஸில். பின்னால 255/60 ஆர்15 டிராக் ரேடியல் (டிராக் ரேஸ் டயர்), காற்று 24 பிஎஸ்ஐ. ஸ்பிரிங் மாத்தி ஒன்றரை இன்ச் இறக்கியிருக்கு. லோயர் ஆர்ம் (ஆக்ஸிலை பாடியோட இணைக்கிற கீழ்க்கை) கம்பெனியோடதுதான். 4,000 ஆர்பிஎம்மில் கிளட்சை விட்டு லான்ச் (கிளம்புறது) பண்ணினா பின்பக்கம் தடதடன்னு குதிக்குது, வண்டி வலப்பக்கம் ஒதுங்குது. முதல் 60 அடியைக் கடக்குற நேரம் 1.95 நொடிக்குக் கீழ வரவே மாட்டேங்குது. எதுல முதல்ல கை வைக்கணும்?

பதில் 1:
காற்றுல. காசு செலவில்லாத வேலை. 18-ல் ஆரம்பிச்சு ஓட்டத்துக்கு 1 பிஎஸ்ஐ குறைச்சுப் பாருங்க, 15 போதும். பர்ன்-அவுட் (டயரைச் சூடாக்க நின்ன இடத்துல சுழல விடுறது) முடிஞ்சதும் டயரைக் குனிஞ்சு பாருங்க: நடுவுல மட்டும் சொரசொரன்னு தேஞ்சு, ஓரம் பளபளன்னு இருந்தா காற்று இன்னும் கூடுதல். பர்ன்-அவுட்டுக்காகத் தண்ணி ஊத்தின இடத்தைச் சுத்திப் போங்க. ரேடியலோட காடியில தண்ணி தங்கி, ஸ்டார்ட்டிங் லைன்ல வந்து சொட்டும்.

பதில் 2:
குதிக்கிறதுக்கு மூலம் ஆர்ம் முனையில இருக்குற ரப்பர் புஷ். டார்க் (முறுக்கு விசை) ஏறும்போது பினியன் (டிரைவ்ஷாஃப்ட் சேருற ஆக்ஸில் மூக்கு) மேலே தூக்கும், ரப்பர் நசுங்கித் திரும்ப உதைக்கும். டயர் பிடிக்கும், விடும், பிடிக்கும். பெட்டி மாதிரி வெல்ட் பண்ணின லோயர் ஆர்ம், பாலியூரித்தேன் புஷ்ஷோட போடுங்க. ஆனா அப்பர் ஆர்முக்குக் கெட்டி பாலி வேண்டவே வேண்டாம். அந்த ரெண்டும் சாய்வா நிக்குது, முறுக்கிக் கொடுத்தாத்தான் ஆக்ஸில் அசையும். இறுகிப்போனா டார்க் பாக்ஸ் (ஆர்ம் மாட்டுற பாடித் தகடு) கிழியும். ஆர்ம் மாத்துறதுக்கு முன்னாடியே அங்க ஸ்பாட் வெல்ட் சுத்தி விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இருந்தா முதல்ல பிளேட் வெச்சு வெல்ட்.

வண்டியை இறக்கினதால லோயர் ஆர்மோட பின்முனை மேலே ஏறியிருக்கும், அது டயரைத் தரையில அழுத்தாது. ஆக்ஸில்ல ரீலொகேஷன் பிராக்கெட் (ஆர்ம் மாட்டுற இடத்தை மாத்துற தகடு) போட்டு பின்முனையைக் கீழே கொண்டு வாங்க. பினியன், டிரைவ்ஷாஃப்ட்டைப் பார்த்து 2 டிகிரி கீழே. சக்கரம் தரையில இருக்கும்போது அளக்கணும், ஜாக்கில தூக்கி வெச்சு அளந்தா தப்பு.

பதில் 3:
ஒதுங்குறது வேற கதை. டிரைவ்ஷாஃப்ட் முறுக்கு வலது பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். இடது அதிகமா தள்ளுறதால வண்டி வலப்பக்கம் போகுது. வலது ஸ்பிரிங்குக்குள்ள ஏர்பேக், 5 பிஎஸ்ஐல ஆரம்பிங்க. நேராப் போற வரைக்கும் 2, 2-ஆ ஏத்துங்க. நிரந்தரத் தீர்வுன்னா பின்னால டிராக் ஆன்டி-ரோல் பார் (வண்டி ஒருபக்கம் சாயாமத் தடுக்கிற கம்பி).

பக்கவாட்டுல இருந்து போன்ல ஸ்லோ மோஷன் எடுங்க. டயருக்கும் ஃபெண்டருக்கும் இடைவெளி சட்டுனு விரிஞ்சு, உடனே டயர் சுழல ஆரம்பிச்சா, ஷாக்கோட ரீபவுண்டை (ஷாக் நீளுறதைக் கட்டுப்படுத்துற செட்டிங்) ரெண்டு கிளிக் இறுக்குங்க.

பதில் 2:
ஒண்ணு விட்டுப்போச்சு. குதிக்க ஆரம்பிச்சதும் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துடுங்க. அந்த அதிர்ச்சியைத் தொடர்ந்து வாங்கினா டி-5-ல முதல்ல போறது மூணாவது கியர் பல்.