கலப்பு அஞ்சலோட்டத்தில கைவிட்டுப்போன வெள்ளி: லேன் கோடு மிதிக்கிறதை எப்படி நிப்பாட்டுறது?

முள்ளியவளை_சுவடு:

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில இலங்கைக்கு 5 பதக்கம். தருஷி கருணாரத்னவின்ர 800 மீற்றர் தங்கம் (2:03.20), நதீஷா டில்ஹானி லேகம்கேயின்ர ஈட்டி வெள்ளி (61.57 மீற்றர்), பெண்கள் கிரிக்கெட் வெள்ளி, ஆண்கள் 4x400 அஞ்சலோட்டம் (நாலு பேர், ஆளுக்கு 400 மீற்றர்), பெண்கள் 4x400 ரெண்டிலயும் வெண்கலம். ஆறாவது ஒண்டு கைக்கு வந்து போனது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடுற கலப்பு 4x400இல 3:14.25 ஓடி ரெண்டாவதா முடிச்ச எங்கட அணியை லேன் (ஒவ்வொருவருக்கும் கோடு கீறி விட்ட ஓடு வழி) மீறல் எண்டு நீக்கினவை. 3:14.34இல பின்னால வந்த இந்தியாவுக்கு அந்த வெள்ளி போனது. அடுத்த வருசம் பரிஸ் ஒலிம்பிக்கில அருண தர்ஷன முதல் சுற்றில 44.99 ஓடி அரையிறுதிக்குப் போனார். அங்க அவரையும் லேன் மீறலுக்குத்தான் நீக்கினவை.

வேகம் இருந்தும் கோட்டில விட்ட போட்டிகள் இவை. முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளையளும் வலயமட்டம், மாகாணமட்டம் எண்டு போய் இப்பிடித்தான் நீக்கப்படீனம். கோட்டைத் தொட்டாலே குற்றமோ, தாண்டினாத்தான் குற்றமோ? புல்லுத் தரையில, சுண்ணாம்புக் கோட்டோட, இதை எப்பிடிப் பழக்கலாம்? தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

கனகராயன்:

முதல்ல விதி. லேனின்ர அகலம் 1.22 மீற்றர், கோட்டின்ர தடிப்பு 5 சென்ரிமீற்றர். வலப்பக்கக் கோடு உங்கட லேனோட சேர்ந்தது. இடப்பக்கக் கோடு உங்கட இல்லை. கன பிள்ளையள் இதை மாறி விளங்கி வைச்சிருக்கினம்.

நேர் ஓட்டத்தில கோட்டை மிதிச்சாலும், வெளியால போனாலும், அதால லாபம் வராமலும் ஆரையும் மறிக்காமலும் இருந்தா நீக்கம் இல்லை. வளைவுதான் பொல்லாதது. அங்க இடப்பக்கக் கோட்டுக்கு அங்கால கால் முழுசா விழுந்தா ஒரு அடியே காணும். கோட்டைத் தொடுறது மட்டுமெண்டா 2021 கடைசியில வந்த திருத்தத்தின்படி ஒரு தரம் மன்னிப்பு. ஆனா அந்த ஒரு தரம் முழு நிகழ்ச்சிக்கும் சேர்த்து. முதல் சுற்றில ஒருக்கா தொட்டுப்போட்டு இறுதியில இன்னொருக்கா தொட்டா சரி, வெளியில.

அஞ்சலோட்டத்தில இது இன்னும் இறுக்கம். அந்த ஒரு தரம் அணிக்குத்தான், ஆளுக்கில்லை. முதல் ஆள் ஒருக்கா, ரெண்டாம் ஆள் ஒருக்கா தொட்டா நாலு பேரின்ர ஓட்டமும் போச்சு. 4x400இல முதல் ஆள் முழுக்க லேனுக்குள்ள ஓடுறார். ரெண்டாம் ஆள் முதல் வளைவு முடிய இருக்கிற பிரிகோடு (லேனை விட்டு உள்ளுக்கு வரலாம் எண்டு காட்டுற கோடு) வரைக்கும் லேனுக்குள்ள. ஆக மூண்டு வளைவு ஆபத்து, அதில ரெண்டு முதல் ஆளின்ர தலையில. அதனால முதல் ஆளா ஆகலும் வேகமான பிள்ளையைப் போடாதேங்கோ. லேனுக்குள்ள நிதானமா ஓடத் தெரிஞ்ச பிள்ளையைப் போடுங்கோ.

பாடசாலைப் போட்டிகளில எந்த ஆண்டு விதிப்புத்தகம் பாவிக்கினம் எண்டதை ஓட்டத்துக்கு முதல் பொறுப்பாசிரியர் கேட்டு உறுதிப்படுத்த வேணும். பழைய புத்தகத்தைப் பிடிச்சுக்கொண்டிருந்தா ஒரு தரம் மன்னிப்புக் கிடையாது.

வட்டக்கச்சி_400:

பழக்கிற விசயத்துக்கு வாறன். வளைவில கோடு மிதிபடுறது கூடுதலா 250 மீற்றருக்கும் 315 மீற்றருக்கும் இடையில, ரெண்டாம் வளைவின்ர பிற்பாதியில. கால் களைக்க இடுப்பு இறங்குது, உடம்பு உள்ளுக்குச் சாயுது, இடது கால் கோட்டில விழுது. அதோட பக்கத்து லேன்காரனைப் பார்க்கத் தலையைத் திருப்பினா உடம்பு நேர் தவறும். பார்வை 15, 20 மீற்றர் முன்னால, லேன் நடுவில நிக்க வேணும். இடது முழங்கை உடம்போட ஒட்டியிருக்கட்டும். வலக்கை மட்டும் கொஞ்சம் குறுக்கால வரலாம்.

கோட்டோட உரசி ஓடினா தூரம் மிச்சம் எண்டு சொல்லிக் குடுக்கிறவையும் இருக்கினம். கணக்குப் பாருங்கோ. லேன் அளக்கிறதே கோட்டிலயிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி. அந்த 20ஐயும் விட்டுக் கோட்டிலயே ஓடினா ரெண்டு வளைவுக்கும் சேர்த்து மிச்சம் 1.26 மீற்றர். 50 செக்கன் ஓடுறவருக்கு அது 0.16 செக்கன். அதுக்காக முழு ஓட்டத்தையும் பணயம் வைக்கிறது புத்தியில்லை. 15 தொடக்கம் 25 சென்ரிமீற்றருக்குள்ள ஓடப் பழக்குங்கோ.

செலவில்லாத வழி ஒண்டு இருக்கு. எங்கட பக்கம் அரிசி ஆலையளில உமிச்சாம்பல் குவிஞ்சு கிடக்கும். ரெண்டாம் வளைவின்ர கடைசி 30 மீற்றருக்கு, கோட்டுக்கு இடப்பக்கமா 15 சென்ரிமீற்றர் அகலத்தில அதைப் பரவி, காத்துக்குப் பறக்காமல் கொஞ்சம் தண்ணி தெளியுங்கோ. ஈரம் கூடினா அச்சு விழாது, கட்டிபடும். ஒவ்வொரு ஓட்டம் முடியவும் போய்ப் பாருங்கோ. குதி தெரியாது, முன்பாதம்தான் பதியும். இடது காலின்ர சின்னவிரல் பக்கம் மட்டும் மெல்லிசாப் பதிஞ்சிருந்தா அந்தப் பிள்ளை சாயத் தொடங்கீட்டுது. முழு முன்பாதமும் சாம்பலுக்குள்ள கிடந்தா அது நீக்கம். சொல்லித் திருந்தாத பிள்ளையும் தன்ர அச்சைக் கண்டாத் திருந்தும்.

இதைக் களைப்பில்லாமல் செய்து பிரயோசனமில்லை. 200 மீற்றரைப் போட்டி வேகத்தில ஓட்டி, 30 செக்கன் விட்டு, உடனே 180ஆம் மீற்றர் அடையாளத்திலயிருந்து 150 மீற்றர். 8 நிமிசம் ஓய்வு. இப்பிடி மூண்டு தரம், கிழமைக்கு ஒரு நாள் காணும். கோட்டு ஓரமாச் சிரட்டை கவிழ்த்து வைக்கிறதை எங்கயாவது கண்டா நிப்பாட்டச் சொல்லுங்கோ, கணுக்கால் பிரளும். பழைய செருப்பின்ர றப்பர் அடியை வெட்டி வைக்கலாம்.

மாங்குளம்_அளவை:

பிள்ளையளைத் திருத்த முதல் மைதானத்தைத் திருத்துங்கோ. உள்விளிம்பில தடுப்பு இருக்கிற சுவட்டுக்கு (ஓடுபாதைக்கு) வளைவின்ர ஆரை 36.50 மீற்றர், நேர்ப்பகுதி 84.39, முதல் லேன் அளவு தடுப்பிலயிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி. புல்லுத் தரையில தடுப்புக் கிடையாது. வெறுங் கோடெண்டா அளவு 20 சென்ரிமீற்றரில, அப்ப ஆரை 36.60 ஆக இருக்க வேணும். கன இடங்களில தடுப்பில்லாமலே 36.50இல கீறிப்போட்டு, ரெண்டாம் லேனுக்குப் புத்தகத்தில இருக்கிற 7.04 மீற்றரை முன்தள்ளலா (வெளி லேன்காரர் முன்னால தள்ளித் தொடங்கிற தூரம்) வைக்கினம். அப்பிடிச் செய்தா முதல் லேன்காரர் 399.37 மீற்றர்தான் ஓடுறார், மற்றவை முழு 400. தடுப்பில்லாட்டி 36.60இல கீறி, லேனுக்கு லேன் 7.67 வையுங்கோ.

வளைவு கீற நடு முளையில கட்டுற கயிறு நைலோனா இருந்தா இழுபடும். 36 மீற்றர் நீளத்தில 10 சென்ரிமீற்றர் இழுபட்டாலே சுற்றுக்கு 63 சென்ரிமீற்றர் பிழை. இழுபடாத கம்பியோ உருக்கு நாடாவோ பாவியுங்கோ. நடு முளை ஆடாமல் ஆழமா அடியுங்கோ, மாரி முடிஞ்ச கையோட எங்கட மண் இளகி இருக்கும்.

இன்னொண்டு. எல்லாப் பழியையும் கோடு மிதிச்சதில போட்டா முழுக் கதை விளங்காது. ஹாங்சோவில தருஷி 800 இறுதி ஓடின அதே நாள் பெண்கள் 4x400 இறுதியிலயும் ஓடினவ. அஞ்சலோட்டத்துக்கு இறக்க எங்களிட்ட இருக்கிற ஆக்கள் அவ்வளவுதான். பாடசாலையிலயும் நாலு பேரை மட்டும் பழக்காதேங்கோ, ஆறு பேரைப் பழக்குங்கோ.

முள்ளியவளை_சுவடு:

நன்றி. எங்களிட்ட 200 மீற்றர் வட்டம்தான். அதில லேன் பழக்கலாமோ? கோல் (அஞ்சலோட்டத்தில கைமாத்துற தடி) மாத்தேக்க வாற நீக்கங்களைப் பற்றியும் ஆரும் சொல்லுங்கோ.

வட்டக்கச்சி_400:

பழக்கலாம். 50 மீற்றர் நேர்ப்பகுதி ரெண்டு, 50 மீற்றர் வளைவு ரெண்டு, கோட்டின்ர ஆரை 15.72. வளைவு நல்லா இறுக்கம், அதனால வேகம் குறையும், நேரத்தைப் பார்க்காதேங்கோ. 400ஐ லேனுக்குள்ள ஓட்டினா நாலு வளைவு வரும், முன்தள்ளல் லேனுக்கு 15.33. இறுக்கமான வளைவில கோடு மிதியாத பிள்ளை பெரிய சுவட்டில லேசா ஓடும். ஆனா போட்டிக்கு முதல் ரெண்டு, மூண்டு தரமாவது 400 மீற்றர் சுவடு இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கோ. வளைவு எங்க முடியுது எண்டு காலுக்குத் தெரிய வேணும்.

கனகராயன்:

கோல் மாத்துற வலயம் 4x400க்கு 20 மீற்றர். கோல் நிக்கிற இடம்தான் கணக்கு, உடம்பு நிக்கிற இடம் இல்லை. வாங்கிறவர் வலயத்துக்கு உள்ளயிருந்துதான் ஓடத் தொடங்க வேணும். வாறவர் களைச்சு வாறார், அவரின்ர வேகத்தைப் பார்த்து வாங்கிறவர்தான் ஓட்டத்தைச் சரிப்படுத்த வேணும். 5, 6 மீற்றர் கிட்ட வரேக்க வெளிக்கிட்டு, உள்பக்கம் பார்த்தபடி இடக்கையை உயர நீட்டி வாங்கி, பிறகு வலக்கைக்கு மாத்தட்டும்.

மூண்டாம், நாலாம் ஆக்கள் நிக்கிற ஒழுங்கு, தங்கட ஆள் 200 மீற்றர் அடையாளத்தை எத்தினையாவதாக் கடக்கிறார் எண்டதைப் பொறுத்தது. அதுக்குப் பிறகு முந்தினாலும் பிந்தினாலும் இடம் மாறக்கூடாது. மாறினா நீக்கம்.

கோல் குடுத்த உடன புல்லுக்குள்ள விழப் போறதுதான் கூடுதலாக் காணுற பிழை. குறுக்கால போகேக்க பின்னால வாற அணியை மறிச்சா, ஓடி முடிச்ச பிறகும் நீக்கலாம். குடுத்தவர் தன்ர நேரிலேயே வேகத்தைக் குறைச்சு, எல்லாரும் போய் முடியும் வரைக்கும் அப்பிடியே நிக்க வேணும். கோல் கீழ விழுந்தா விழுத்தினவரே எடுக்க வேணும். எடுக்க லேனை விட்டுப் போகலாம், தூரம் குறையாமலும் ஆரையும் மறியாமலும் இருந்தாச் சரி. இதைப் பழக்கத்திலயே வேணுமெண்டு கோலை விழுத்தி எடுப்பிச்சுப் பாருங்கோ. அந்த நேரத்தில மற்றப் பிள்ளை ஓடிப்போய் எடுத்துக் குடுக்கப் பார்க்கும், அங்கதான் மறிக்க வேணும்.