மொரிஸ் மைனர் காரைத் தூக்க எந்த ஜாக் சரி?

அப்பா வைத்துவிட்டுப் போன 1959 மொரிஸ் மைனர், 14 அங்குல ரிம், டியூப் டயர். போன ஞாயிறு இரவு பம்பலப்பிட்டியில், காலி வீதியோரம் பின் இடது டயர் காற்றுப் போய்விட்டது. ஸ்பெயார் டயர் நன்றாகவே இருந்தது. ஆனால் பழைய ஜாக்கைச் செருகும் இடம் துருவேறி, தூக்கத் தூக்கத் தகரம் பொருபொருவென்று உதிர்ந்தது. அம்மா உள்ளே இருந்தார், பயந்து நிறுத்திவிட்டேன்.

பிறகு போத்தல் போல நிமிர்ந்து நிற்கும் போத்தல் ஜாக் ஒன்று வாங்கினேன். காற்றில்லாத டயரோடு அது பின் அச்சுக்கு அடியில் நுழையவில்லை. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் சில்லு வைத்த ட்ரொலி ஜாக்கைத்தான் காட்டுகிறார்கள், டிக்கியில் வைத்துத் திரியப் பாரம். அடுத்த மாதம் கண்டிக்குப் போக வேண்டும்.

மைனர் ஓட்டுபவர்களே, வழியில் பின்பக்கத்தைத் தூக்க நீங்கள் எந்த ஜாக்கை, எந்த இடத்தில் வைக்கிறீர்கள்?